இருக்கிறேன் என்று ஒரு கையெழுத்து

2019, மார்ச் 9. சனிக்கிழமை சாயங்காலம். கோவை நேரு ஸ்டேடியம்.

வ.உ.சி. பூங்காவுக்குப் பக்கத்தில், சுற்றிலும் கடைகளை இடுப்பில் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் அந்த ஸ்டேடியத்தில் அன்றைக்கு ஒரு விசித்திரம் நடந்துகொண்டிருந்தது. இந்தியாவின் ஐ-லீக் கால்பந்துப் பட்டம் யாருக்கு என்பது அங்கேதான் முடிவாக வேண்டும். கல்கத்தா இல்லை, கோவா இல்லை. கோயமுத்தூர்!

களத்தில் சென்னை சிட்டி. எதிரே, முந்தைய ஆண்டுப் பட்டத்தை வைத்திருந்த மினர்வா பஞ்சாப். சென்னை சிட்டியிடம் 40 புள்ளிகள். அதே நேரத்தில் கோழிக்கோட்டில் கோகுலம் கேரளாவுடன் மோதிக்கொண்டிருந்த ஈஸ்ட் பெங்காலிடம் 39. அவர்கள் அங்கே ஜெயித்து, இவர்கள் இங்கே டிரா செய்தால்கூடப் போச்சு. 2003-04க்குப் பிறகு தேசியப் பட்டத்தைத் தொடாத கல்கத்தாக் கூட்டம் நகத்தைக் கடித்துக்கொண்டு காத்திருந்தது.

ஆட்டம் தொடங்கி மூன்றாவது நிமிடம். மினர்வா கோல் போட்டுவிட்டது.

ஸ்டேடியம் அமைதியாகிவிட்டது. இடைவேளை வரை அதே நிலை. 56வது நிமிடத்தில் ஒரு பெனால்டி. பெட்ரோ மான்ஸி அடித்தார், சமன். 69வது நிமிடத்தில் கௌரவ் போரா ஒரு கோல். அவர் தடுப்பாட்டக்காரர். கோல் போடுவது அவருடைய உத்தியோகமே இல்லை. அங்கே கோழிக்கோட்டில் பின்தங்கியிருந்த ஈஸ்ட் பெங்கால் திருப்பியடித்து முன்னிலைக்கு வந்துவிட்ட நேரத்தில், இங்கே கூடுதல் நேரத்தில் மீண்டும் அதே போரா இன்னொன்று. 3-1. நாற்பத்து மூன்றுக்கு நாற்பத்திரண்டு. ஒரே ஒரு புள்ளி. தமிழ்நாட்டிலிருந்து ஐ-லீக் பட்டம் வென்ற முதல் அணி.

இந்தக் கதையை நான் சொல்ல வந்தது பட்டத்துக்காக இல்லை. அதற்கு அடுத்த நாள் காலையில் டீக்கடைகளில் எழுந்திருக்கக்கூடிய ஒரு கேள்விக்காக. கொங்குத் தமிழில் அது இப்படித்தான் இருக்கும்: "ஏனுங், நடுவுல ஆடுமே அந்தத் தம்பி, அடுத்த வருசமும் இங்கயே இருக்குமுங்களா?"

உலகத்தில் எந்த ஊர்க் கால்பந்து ரசிகனும் கேட்கிற கேள்வி இதுதான். கோப்பை கைக்கு வந்த மறுநாளே ஆரம்பித்துவிடும் பயம்.

நடுவில் ஆடும் தம்பி என்றால் மிட்ஃபீல்டர். கால்பந்து பார்க்காதவர்களுக்கு ஒரு வார்த்தை. சோமனூர்ப் பக்கம் தறி ஓட்டுகிறவர்களிடம் பேசிப் பாருங்கள். பாவு நூல் நீளமாக நிற்கும். ஊடை நூல் குறுக்கே போய்ப் போய் வரும். துணியாவது அந்த ஓட்டத்தால்தான். மிட்ஃபீல்டர் அந்த ஊடை. பின்னால் இருப்பவனிடம் வாங்கி, முன்னால் நிற்பவனிடம் கொடுத்து, மறுபடி பின்னால் ஓடி... கோல் போட்டவன் படம்தான் பேப்பரில் வரும். ஆனால் தொடர்ந்து ஆட்டம் பார்க்கிறவன் மனசைக் கொடுப்பது பெரும்பாலும் இந்த ஆளுக்குத்தான்.

அந்த சீசனில் மான்ஸி 21 கோல் போட்டார். சர்ச்சில் பிரதர்ஸின் வில்லிஸ் பிளாஸாவோடு முதலிடத்தைப் பகிர்ந்துகொண்டார். அவருக்குப் பின்னால் நெஸ்டர் கோர்டியோ, சாண்ட்ரோ ரோட்ரிகஸ் என்று இரண்டு ஸ்பெயின்காரர்கள். சிங்கப்பூரிலிருந்து வந்த அக்பர் நவாஸ் என்ற பயிற்சியாளர், பந்தைத் தரையிலேயே வைத்து, சின்னச் சின்னப் பாஸ்களாகக் கொண்டுபோகும் ஆட்டத்தைச் சொல்லிக்கொடுத்திருந்தார். உயரத் தூக்கி அடித்துவிட்டுப் பின்னாலேயே ஓடுவதைக் கால்பந்து என்று நினைத்திருந்தவர்களுக்கு அது புது அனுபவம். நெஸ்டர் பந்தை வாங்கித் திரும்பும் அழகுக்காகவே ஸ்டேடியத்துக்குப் போகலாம்.

சரி, சென்னை சிட்டிக்குக் கோயமுத்தூரில் என்ன வேலை?

நியாயமான கேள்வி. அந்த அணி ஐ-லீகில் நுழைந்தது 2016-17ல். முதல் சீசனை ஆடியது சென்னையில், அங்கிருக்கும் நேரு ஸ்டேடியத்தில். ஆனால் அது ஏற்கெனவே சென்னையின் எஃப்.சி.யின் வீடு. ஐ.எஸ்.எல். என்கிற பணக்கார லீகில் ஆடும் அணி, 2015லேயே ஒரு பட்டம் வென்றுவிட்ட அணி. ஒரே வீட்டில் இரண்டு குடித்தனம், அதிலும் ஒன்று பெரிய வீட்டுக்காரர். இன்னொன்று என்ன செய்யும்? 2017-18 சீசனுக்கு மூட்டை கட்டிக்கொண்டு கோவைக்கு வந்துவிட்டது. நேருவிலிருந்து நேருவுக்கு. பெயர் மட்டும் சென்னை சிட்டி என்றே இருந்தது.

கோவை கால்பந்து ஊர் இல்லை. இங்கே நாச்சிமுத்து கவுண்டர் கோப்பை என்றால் கூடைப்பந்து. அதற்கு இருக்கிற மரியாதை தனி. கார் பந்தயம் என்றால் கரிவரதனையும் நரேன் கார்த்திகேயனையும் சொல்வார்கள். அப்படிப்பட்ட ஊரில் ஒரு வெளியூர் அணி, வேறு ஊர்ப் பெயரோடு வந்து இறங்கி, இரண்டாவது வருடத்திலேயே கோப்பை வாங்கியது. பெயர் என்னவாக இருந்தால் என்ன? வந்தவர்களைத் தன் பிள்ளைகளாக்கிக்கொள்வது கொங்கு மண்ணுக்குப் புதிதா?

ஆனால் தன் பிள்ளை என்று நினைத்த பிறகு வருகிற வலி இருக்கிறதே...

முதல் அடி அதற்கு முந்தைய வருடமே விழுந்திருந்தது. 2017-18ல் சென்னை சிட்டியின் நட்சத்திரம் மைக்கேல் சூசைராஜ். குமரி மாவட்டத்துக் கடற்கரைப் பையன். கடல் மணலில் ஆடிப் பழகிய கால். நடுக்களத்திலிருந்து அவர் கிளம்பினால் பிடிக்க ஆள் கிடையாது. அணி அந்த சீசனில் பட்டியலின் கீழ்ப்பாதியில்தான் முடிந்தது. ஆனாலும் சூசைராஜை நாடே பார்த்துவிட்டது. பார்த்தபின் விடுவார்களா? 2018ல் ஜாம்ஷெட்பூர். 2019ல் கல்கத்தாவின் ஏ.டி.கே. அந்த அணி அந்த சீசனிலேயே ஐ.எஸ்.எல். பட்டமும் வென்றது. சூசைராஜ் மேல் குற்றம் சொல்ல முடியுமா? மீனவக் குடும்பத்துப் பையனுக்குப் பெரிய லீகிலிருந்து அழைப்பு வருகிறது. நானாக இருந்தாலும் போயிருப்பேன். நீங்களும்தான்.

இந்த இடத்தில் ஒரு குட்டி ஃப்ளாஷ்பேக் போய் வந்துவிடலாம். ஆட்டக்காரன் ஓர் அணியில் 'இருக்கிறான்' என்பதற்கு முன்பெல்லாம் வேறு அர்த்தம்.

இங்கிலாந்து. 1893லிருந்து அங்கே ஒரு வழக்கம். ஆட்டக்காரனைக் கிளப் பதிவு செய்துகொள்ளும். ஒப்பந்தக் காலம் முடிந்துவிட்டதா? முடியட்டும். கிளப் மனசு வைக்காவிட்டால் அவன் வேறெங்கும் போக முடியாது. சம்பளம் கொடுக்காமலேயே 'இவன் எங்கள் ஆள்' என்று பூட்டி வைக்கலாம். மாடு வாங்கினவன்கூட தீனி போடுவான் ஐயா! இது போதாதென்று 1901லிருந்து சம்பளத்துக்கு உச்சவரம்பு வேறு. முதலில் வாரம் 4 பவுண்ட். ஏறி ஏறி, அது எடுக்கப்பட்ட 1961 ஜனவரியில் வெறும் 20 பவுண்ட்.

அந்த உச்சவரம்பை எடுக்கவைத்தது ஆட்டக்காரர்கள் சங்கம். தலைவர் ஜிம்மி ஹில். தாடி வைத்த மனிதர், வாய்ச்சாலகர். வேலைநிறுத்தம் என்று மிரட்டியே காரியத்தைச் சாதித்தார். எடுத்த மறுகணம் ஒரு வேடிக்கை நடந்தது. லண்டனின் ஃபுல்ஹாம் அணியில் ஜானி ஹேன்ஸ் என்று ஒரு பாஸ் மன்னன். பார்க்காமலேயே முப்பது கஜம் தாண்டிப் பந்தைக் காலடியில் வைப்பார். ஃபுல்ஹாமின் சேர்மன் டாமி டிரிண்டர் ஒரு காமெடி நடிகர். 'விதி மட்டும் இல்லையென்றால் ஹேன்ஸுக்கு வாரம் 100 பவுண்ட் கொடுப்பேன்' என்று பெருமையடித்துக்கொண்டிருந்தவர். விதி போய்விட்டது! கொடுக்காமல் தப்ப முடியுமா? இங்கிலாந்தின் முதல் நூறு பவுண்ட் ஆட்டக்காரர் ஹேன்ஸ்தான். அவரும் கடைசி வரை ஃபுல்ஹாமை விட்டு இங்கிலாந்தின் வேறு பெரிய அணி எதற்கும் போகவில்லை. 1952லிருந்து 1970 வரை 658 ஆட்டங்கள். இத்தனைக்கும் ஃபுல்ஹாம் பெரிதாக எந்தக் கோப்பையும் ஜெயிக்கவில்லை. இன்றைக்கு அந்த மைதானத்தில் ஒரு ஸ்டாண்டுக்கே அவர் பெயர், வாசலில் சிலை.

எல்லோருக்கும் காமெடி நடிகர் சேர்மனாக வாய்ப்பதில்லையே. நியூகாஸிலில் ஜார்ஜ் ஈஸ்ட்ஹாம் என்பவர் 1960ல் போக வேண்டும் என்றார், கிளப் மாட்டேன் என்றது. மனிதர் கால்பந்தையே விட்டுவிட்டு, ஒரு நண்பரின் கம்பெனியில் கார்க் விற்கப் போய்விட்டார். இங்கிலாந்து அணியில் இடம்பிடிக்கும் தரமுள்ள ஆட்டக்காரர், பாட்டில் மூடிச் சரக்கு விற்றுக்கொண்டிருந்தார். கடைசியில் 47,500 பவுண்டுக்கு அவரை ஆர்சனலுக்கு விட்டார்கள். ஆனால் ஈஸ்ட்ஹாம் சும்மா இருக்கவில்லை. கோர்ட்டுக்குப் போனார். 1963ல் தீர்ப்பு வந்தது: ஒருவன் தொழில் செய்வதை இப்படிக் கட்டுப்படுத்துவது நியாயமில்லை.

பூட்டில் பாதி உடைந்தது. மீதியை உடைத்தவர் பெல்ஜியத்துக்காரர், ஜான்-மார்க் போஸ்மான். இவரும் ஒரு மிட்ஃபீல்டர்தான்! 1990ல் லீஜ் கிளப்போடு ஒப்பந்தம் முடிந்தது. புது ஒப்பந்தத்தில் பழைய சம்பளத்தில் கால்வாசிதான் என்றார்கள். பிரான்சின் டன்கிர்க் அணிக்குப் போகிறேன் என்றால், தொகை கொடுத்தால்தான் விடுவோம் என்றார்கள். ஐந்து வருடம் வழக்கு. 1995 டிசம்பர் 15 அன்று ஐரோப்பிய நீதிமன்றம் சொன்னது: ஒப்பந்தம் முடிந்தால் ஆட்டக்காரன் சுதந்திரன், காசில்லாமல் போகலாம். இன்றைக்குக் கோடி கோடியாகச் சம்பாதிக்கும் ஆட்டக்காரர்கள் எல்லோரும் போஸ்மானுக்குக் கடன்பட்டவர்கள். அவரோ வழக்கு நடத்தியே தன் ஆட்டக் காலத்தைத் தொலைத்தவர், பிறகு வறுமையில் கஷ்டப்பட்டவர்.

இப்போது யோசித்துப் பாருங்கள். போக முடியாதவன் இருந்தால் அதில் ரசிகனுக்கு என்ன சந்தோஷம்? கூண்டில் இருக்கும் கிளி பறக்கவில்லை என்று யாராவது பட்டாசு வெடிப்பார்களா? போகலாம், போனால் நிறையக் கிடைக்கும் என்று தெரிந்தும் ஒருவன் 'இருக்கிறேன்' என்று கையெழுத்துப் போடுகிறான் பாருங்கள், அதுதான் ரசிகனைக் கிறுக்காக்குகிறது. அந்தச் சந்தோஷத்துக்கு வயது ரொம்பக் கம்மி. போஸ்மானிலிருந்து எண்ணினால் இன்னும் நாற்பதுகூட ஆகவில்லை.

2005ல் லிவர்பூலில் நடந்ததைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். மே மாதம் இஸ்தான்புல்லில் மிலானிடம் மூன்று கோல் பின்தங்கி, எழுந்து, ஐரோப்பியக் கோப்பையைத் தூக்கினார்கள். கேப்டன் ஸ்டீவன் ஜெரார்ட். உள்ளூர்ப் பையன், நடுக்கள ராஜா. ஜூலை 5ஆம் தேதி செய்தி வருகிறது: ஜெரார்ட் போகிறார். அன்றைக்கு அவர் பெயர் போட்ட சட்டையை டி.வி. கேமரா முன்னால் கொளுத்தினார்கள். விடிந்தது. ஜெரார்ட் மனசு மாறிவிட்டார், இருக்கிறார்! முந்தின நாள் சட்டை கொளுத்தின அதே ஊர் மறுநாள் குதித்தது. அப்புறம் பத்து வருடம் இருந்துவிட்டு 2015ல்தான் போனார்.

நம் நாட்டிலும் இதற்கெல்லாம் குறைச்சலில்லை. கல்கத்தாவில் வருடா வருடம் கையெழுத்துப் போடும் காலம் வந்தால் ஒரு திருவிழா, கூடவே ஒரு திருட்டும். மோகன் பகானும் ஈஸ்ட் பெங்காலும் ஆட்டக்காரர்களைத் தூக்கிக்கொண்டு போய் ஒளித்து வைப்பார்கள். கையெழுத்தாகும் வரை வெளியே விடமாட்டார்கள். 'இந்திய மரடோனா' என்று பெயர் வாங்கிய கிருஷானு டே, அவருடைய இணைபிரியா ஜோடி பிகாஷ் பாஞ்சி. ஒருவர் இல்லாமல் இன்னொருவர் இல்லை என்பதால் இருவரையும் சேர்த்தே பிடிக்க வேண்டும். 1985ல் ஈஸ்ட் பெங்கால் இருவரையும் பகானிலிருந்து கொண்டுவந்தது. நம் தஞ்சாவூர்க்காரர் ஒருவரும் அந்த ஊரில் கொண்டாடப்பட்டிருக்கிறார். காலியா குலோத்துங்கன். மிட்ஃபீல்டர். 2003ல் ஈஸ்ட் பெங்கால் ஜகார்த்தாவில் ஆசியான் கோப்பை வென்றபோது அந்த அணியில் இருந்தவர். தமிழ்நாட்டில் அவரை எத்தனை பேருக்குத் தெரியும்? 2018 அக்டோபரில் தஞ்சாவூரில் மோட்டார் சைக்கிள் விபத்தில் இறந்துபோனார். கோவையில் சென்னை சிட்டி தன் பட்ட சீசனைத் தொடங்கியதும் அதே அக்டோபரில்தான்.

கோவைக்கே திரும்புவோம். அந்தத் தம்பி இருக்குமுங்களா?

இருக்கவில்லை. 2019ன் கோடையில் நெஸ்டரின் பெயர் வேறு பக்கம் அடிபட்டது. எங்களோடு ஒப்பந்தம் இன்னும் முடியவில்லையே என்று சென்னை சிட்டி புகார் கொடுத்தது. இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பின் கமிட்டி விசாரித்து, ஒப்பந்த மீறல்தான் என்று முடிவு செய்தது. நெஸ்டருக்குச் சில மாதங்கள் ஆடத் தடை. இதற்குள் அவர் ஹைதராபாத் எஃப்.சி.யின் ஆளாகியிருந்தார். அந்த ஹைதராபாத் எப்படி வந்தது தெரியுமா? புனே சிட்டி என்ற ஐ.எஸ்.எல். அணி கடையை மூட, அந்த இடத்துக்கு 2019 ஆகஸ்டில் முளைத்தது. புனேயில் அதற்கு முந்தைய மாதம் வரை அணி இருந்தது, ரசிகர்கள் இருந்தார்கள், கொடி இருந்தது. ஒரு நாள் காலையில் ஊரே வேறு.

எனக்கு இந்த வழக்கில் உறுத்துவது இதுதான். ஒப்பந்தத்தை மீறிய ஆட்டக்காரருக்குத் தண்டனை உண்டு. சரிதான், பேச்சு கொடுத்தால் மாறக்கூடாது என்பது கொங்கு நாட்டில் சந்தைக்கடைச் சட்டம். ஆனால் புனேயை விட்டு ஓர் அணியே போனதே, புனே ரசிகன் எந்தக் கமிட்டியில் புகார் கொடுப்பான்? ஆட்டக்காரன் கிளப்புக்குக் கையெழுத்துப் போடுகிறான். கிளப் எந்த ஊருக்காவது கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறதா? சீசன் டிக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள், அப்படி ஒரு வரியும் இருக்காது.

சென்னை சிட்டி விஷயத்தில் நம்பிக்கைக்குக் காரணம் இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். 2019 தொடக்கத்தில் சுவிட்சர்லாந்தின் எஃப்.சி. பாஸல் அதில் 26 சதவீதப் பங்கு வாங்குவதாக அறிவித்தது. பாஸல் என்றால் ஐரோப்பாவின் பெரிய மேடையில் மான்செஸ்டர் யுனைடெட்டையே தோற்கடித்த கிளப். சிறுவர்களுக்குப் பயிற்சி, புதிய திட்டங்கள் என்று பேச்சு. கோவைக்காரர்கள் கணக்குப் போடத் தெரிந்தவர்கள். வெளிநாட்டுக்காரன் பணம் போடுகிறான் என்றால் கடை நிலைக்கும் என்று நினைத்ததில் தப்பில்லை.

நெஸ்டர் போன இடத்துக்கு ஜப்பான்காரர் கட்சுமி யூசா வந்தார். மோகன் பகானிலும் ஈஸ்ட் பெங்காலிலும் ஆடிய அனுபவசாலி. நல்ல மிட்ஃபீல்டர். ஆனால் அதற்குள் மேலே வேறு காரியம் நடந்திருந்தது. 2019ல் ஐ.எஸ்.எல்.தான் நாட்டின் முதல் லீக் என்றாகிவிட்டது. ஐ-லீக் ஜெயித்தவன் ஒரே கோடையில் இரண்டாம் தட்டு. போஸ்டரில் இருந்த 'இந்தியச் சாம்பியன்' என்ற வார்த்தையின் மதிப்பு, கோப்பைக்குப் பாலிஷ் போவதற்குள் போய்விட்டது. 2020 ஜனவரியில் மான்ஸி ஜப்பானின் அல்பிரெக்ஸ் நீகாட்டாவுக்குப் போனார். அதே மாதம் ஆசியச் சாம்பியன்ஸ் லீகின் தகுதிச் சுற்றில் பஹ்ரைனின் அல் ரிஃபாவிடம் தோல்வி. மார்ச்சில் கொரோனா. லீக் பாதியில் நின்றது.

பட்டம் வென்ற அணியில் ஆடிய எட்வின் சிட்னி வன்ஸ்பாலும் 2019லேயே சென்னையின் எஃப்.சி.க்குப் போயிருந்தார். நடுக்களம், தடுப்பு, எங்கே நிற்கச் சொன்னாலும் நிற்கும் தமிழ்நாட்டுப் பையன். அவர் போனதை யாரும் குறையாகப் பேசியிருக்க முடியாது.

2020-21 சீசன் முழுவதையும் கல்கத்தாப் பக்கம், ஆளில்லாத காலரிகளுக்கு முன்னால் ஆடி முடித்தார்கள். 2021-22 ஐ-லீக் பட்டியல் வந்தது. அதில் சென்னை சிட்டி என்ற பெயரே இல்லை. ஆட்டக்காரன் போனால் தலைப்புச் செய்தி, புகார், விசாரணை, தடை. இதற்கு ஒரு வழியனுப்பு ஆட்டம்கூடக் கிடையாது. கோவையின் கடைசி ஆட்டம் எது என்று, அதைப் பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கே அன்றைக்குத் தெரியாது.

நேரு ஸ்டேடியம் அங்கேயே இருக்கிறது. சுற்றிலும் அதே கடைகள். மூன்றாவது நிமிடத்தில் அமைதியாகி, கடைசி நிமிடங்களில் கூரை பிய்ந்த அந்தச் சனிக்கிழமைக்காக வாங்கிய சட்டை, பீளமேட்டிலும் காந்திபுரத்திலும் சில வீட்டு அலமாரிகளில் இன்னும் மடித்து வைக்கப்பட்டிருக்கும். நெஞ்சுச் சின்னத்தில் ஊர்ப் பெயர் தேடினால், சென்னை என்றுதான் போட்டிருக்கும்.